ஓடும் இசைக்குள் நிரலை மாற்றுவது எப்படி: லிஸ்ப் மொழியும் லைவ் கோடிங்கும்

பைத்தான் ஓரளவு தெரிந்த, வீட்டில் கீபோர்டு வாசிக்கும் ஒருவர் கேட்ட கேள்விக்கான பதில் இது. மேடையில் மடிக்கணினியோடு அமர்ந்து, நிரல் எழுதியே இசை நிகழ்த்துபவர்களின் காணொளிகளை அவர் பார்த்திருக்கிறார். பின்னால் உள்ள திரை முழுவதும் அடைப்புக்குறிகள்; நிகழ்த்துபவர் ஓர் எண்ணை மாற்றுகிறார், இசை ஒரு கணமும் நிற்காமல் மாறிவிடுகிறது. இது எப்படி நடக்கிறது, இதற்கு ஏன் பலர் லிஸ்ப் குடும்ப மொழிகளை நாடினார்கள், தாமும் பழக வேண்டுமானால் எங்கே தொடங்குவது என்பவை அவருடைய ஐயங்கள்.

நேரடியான விடையை முதலில் சொல்லிவிடலாம். அடைப்புக்குறிகளுக்கும் இசைக்கும் தனியான உறவு எதுவும் இல்லை. லிஸ்ப் மொழிகளில், ஓடிக்கொண்டிருக்கும் நிரலுக்குள் நின்றபடியே அதன் எந்தப் பகுதியையும் புதிதாக வரையறுக்கலாம். ஒரு செயற்கூற்றை (ஃபங்ஷன்) அதன் பெயரை மட்டும் குறித்து வைத்து, பின்னொரு நேரத்தில் அந்தப் பெயரைக்கொண்டு அழைக்கலாம். இந்த இரண்டும் சேர்ந்த இடத்தில்தான் நீங்கள் திரையில் பார்த்தது நடக்கிறது. சுருக்கம், அழகு, வேகம் என்று லிஸ்ப் பற்றிப் பொதுவாகச் சொல்லப்படும் புகழ்ச்சிகள் எல்லாம் இதற்குப் பிறகுதான் வருகின்றன.

பைத்தானில் ஒரு தாளத்தை ஓட்ட வேண்டுமென்றால் எவருக்கும் முதலில் தோன்றும் வழி, ஒரு மடக்கு (லூப்) எழுதி, அதற்குள் ஒரு சுரத்தை ஒலிக்கச் செய்து, அரை விநாடி காத்திருக்கச் சொல்லி, மறுபடி அதையே செய்யச் சொல்வது. இதில் இரண்டு கோளாறுகள் உண்டு. காத்திருப்பு அரை விநாடிதான் என்றாலும், சுரத்தை அனுப்புவதற்கும், கணினி தன் மற்ற வேலைகளைக் கவனித்துவிட்டு இந்த நிரலுக்குத் திரும்புவதற்கும் கொஞ்சம் நேரம் பிடிக்கிறது. அந்தக் கொஞ்சம் ஒவ்வொரு சுற்றிலும் கூடிக்கொண்டே போவதால், சில நிமிடங்களில் இந்தத் தாளம் பக்கத்தில் ஓடும் இன்னொரு தாளத்தோடு சேராமல் போகும். இரண்டாவது கோளாறு இதைவிடப் பெரியது. மடக்கு ஓடிக்கொண்டிருக்கும்போது அதன் உள்ளே எழுதியிருப்பதை மாற்ற வழியில்லை. நிறுத்தி, திருத்தி, மீண்டும் ஓட்ட வேண்டும். அரங்கில் அந்த இடைவெளி அப்பட்டமான மௌனமாகக் கேட்கும்.

ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த ஆண்ட்ரூ சோரன்சன் 2005-ல் அறிமுகப்படுத்திய இம்ப்ராம்ப்டு என்ற மென்பொருள் இந்த இரண்டு கோளாறுகளையும் ஒரே உத்தியால் தீர்த்தது. அது மேக் கணினிகளுக்கான, ஸ்கீம் மொழியில் இயங்கும் ஒரு சூழல். ஸ்கீம் என்பது 1970-களின் நடுவில் எம்ஐடியில் கய் ஸ்டீலும் ஜெரால்ட் சஸ்மனும் உருவாக்கிய, லிஸ்ப் குடும்பத்திலேயே மிகவும் மெலிந்த உறுப்பினர். சோரன்சன் தம் உத்தியைக் காலத் தற்சுழற்சி என்ற பொருளுள்ள பெயரால் அழைக்கிறார். சாதாரணத் தற்சுழற்சியில் ஒரு செயற்கூறு தன்னைத் தானே உடனே அழைத்துக்கொள்கிறது. இங்கே அது தன் வேலையை முடித்து, "இன்ன நேரத்தில் என்னை மறுபடி கூப்பிடு" என்று கணினியிடம் குறித்து வைத்துவிட்டு வெளியேறிவிடுகிறது. அடுத்த அழைப்பு வரும்வரை அது எங்கும் ஓடிக்கொண்டிருப்பதில்லை.

ஓர் எடுத்துக்காட்டை நெருக்கமாகப் பார்த்தால் இது விளங்கும். ஸ்கீமின் கட்டமைப்பை அப்படியே வைத்துக்கொண்டு, சொற்களை மட்டும் தமிழில் எழுதியிருக்கிறேன்.

(வரையறு ஓட்டம்
  (லாம்டா (அடி)
    (வாசி (தாளம் அடி) பியானோ 60 80 1)
    (பிறகு-அழை (தாளம் (+ அடி 1/2)) 'ஓட்டம் (+ அடி 1))))

முதல் இரண்டு வரிகள், "ஓட்டம்" என்ற பெயரில் ஒரு செயற்கூற்றை வரையறுக்கின்றன. அது "அடி" என்ற ஒரே ஒரு மதிப்பைப் பெறுகிறது. மூன்றாவது வரி, அந்த அடி எந்த நேரத்தில் விழுகிறதோ அந்த நேரத்தில், பியானோவில், 60 என்ற எண்ணுள்ள சுரத்தை, அதாவது விசைப்பலகையின் நடு சி கட்டையை, 127-க்கு 80 என்ற அழுத்தத்தில், ஓர் அடி நீளத்துக்கு வாசிக்கச் சொல்கிறது. "தாளம்" என்பது மெட்ரோனோம். அடியின் எண்ணைக் கொடுத்தால் அது விழும் நேரத்தைத் தரும். கடைசி வரிதான் உயிர். இந்த அடியிலிருந்து அரை அடி கழிந்ததும் "ஓட்டம்" என்ற பெயருடையதை மறுபடி அழைக்க வேண்டும், அப்போது அதற்கு அடுத்த அடியின் எண்ணைக் கொடுக்க வேண்டும் என்று அது குறித்து வைக்கிறது.

இங்கே இரண்டு வெவ்வேறு நேரங்கள் இருப்பதைக் கவனியுங்கள். மெட்ரோனோமை 120-ல் வைத்தால் ஓர் அடிக்கு அரை விநாடி. ஒலி அட்டை விநாடிக்கு 44,100 சாம்பிள்களை, அதாவது ஒலியலையின் நுண்ணிய அளவீடுகளை, வெளியிடும்போது, ஓர் அடி என்பது 22,050 சாம்பிள்கள். ஒவ்வொரு முறையும் செயற்கூறு விழித்துக்கொள்வது, தான் ஒலிக்க வைக்க வேண்டிய அடிக்கு அரை அடி முன்னதாக, அதாவது 11,025 சாம்பிள்கள் முன்னதாக. இது கால் விநாடி அவகாசம். விழிப்பதில் சில மில்லிவிநாடிகள் முன்பின் ஆனாலும் கவலை இல்லை. சுரம் எந்தச் சாம்பிளில் தொடங்க வேண்டும் என்பது கணக்காகவே எழுதப்பட்டிருக்கிறது, அது பிசகாது. அடுத்த அடியும் "இப்போதிலிருந்து அரை விநாடி" என்று அளக்கப்படுவதில்லை, அடியின் எண்ணைக் கொண்டு அளக்கப்படுகிறது. ஆகவே பிழைகள் கூடிக்கொண்டே போவதற்கு இடமே இல்லை. நேரத்தை நிரல் ஓடும் வேகத்திடம் விட்டுவிடாமல், நிரலுக்குள்ளேயே எண்ணாக எழுதி வைத்ததுதான் இம்ப்ராம்ப்டுவின் சாதனை என்று நான் நினைக்கிறேன். திரையில் நிரலை மாற்றும் வித்தை அதற்கு அடுத்தது.

இனி அந்த வித்தை. ஓட்டம் ஓடிக்கொண்டிருக்கிறது, அடிக்கு ஒரு முறை நடு சி கேட்கிறது. நீங்கள் 60 என்பதை அழித்துவிட்டு, (ஏதேனும்-ஒன்று '(60 62 64 67 69)) என்று எழுதுகிறீர்கள். எழுதும்வரை எதுவும் மாறுவதில்லை. எழுதி முடித்ததும், கர்சர் அந்த வரையறைக்குள் இருக்க, ஒரு விசைக் கூட்டை அழுத்துகிறீர்கள். ஈமாக்ஸ் என்ற எடிட்டரில் இது கன்ட்ரோல், ஆல்ட், எக்ஸ் ஆகிய மூன்றும் சேர்ந்தது. அந்த வரையறை மட்டும் ஓடும் நிரலுக்கு அனுப்பப்படுகிறது. "ஓட்டம்" என்ற பெயர் இப்போது புதிய செயற்கூற்றைச் சுட்டுகிறது. வரிசையில் காத்திருந்த அழைப்பு, தன் நேரம் வந்ததும் அந்தப் பெயரைத் தேடிப் பார்க்கிறது, புதியதைக் காண்கிறது, அதை ஓட்டுகிறது. அடுத்த அடியிலிருந்து மோகனத்தின் ஐந்து சுரங்களில் ஏதோ ஒன்று கேட்கத் தொடங்கும். ஓர் அடிகூடத் தவறியிருக்காது.

நிரலின் கடைசி வரியில், ஓட்டம் என்ற சொல்லுக்கு முன்னால் ஒரு மேற்கோள் குறி இருக்கிறதே, இவ்வளவும் நிற்பது அந்த ஒற்றைக் குறியின் மேல்தான். குறி இருந்தால் குறித்து வைக்கப்படுவது பெயர். குறி இல்லாவிட்டால் குறித்து வைக்கப்படுவது அந்தக் கணத்தில் அந்தப் பெயர் சுட்டிய செயற்கூறு. பின்னதில் நீங்கள் மாற்றி அனுப்பும் வரையறை வரிசையில் காத்திருக்கும் அழைப்பைத் தொடுவதில்லை, அடுத்த அடி பழையபடியே ஒலிக்கும். லிஸ்ப் குடும்பத்தைச் சேர்ந்த க்ளோஷரிலும் காமன் லிஸ்ப்பிலும் இந்த வேறுபாட்டைக் குறிக்கும் எழுத்துமுறை ஆளைக் குழப்பக்கூடியது. ஹேஷ் குறியும் மேற்கோள் குறியும் சேர்த்து ஒரு பெயருக்கு முன்னால் இட்டால், காமன் லிஸ்ப்பில் அப்போதைய செயற்கூறு கிடைக்கும், க்ளோஷரில் பெயரோடு பிணைந்த மாறி கிடைக்கும். அதாவது, ஒரே குறி முதலாவதில் பழையதைப் பிடித்துக்கொள்கிறது, இரண்டாவதில் புதியதற்கு வழிவிடுகிறது. ஒன்றைப் பழகிவிட்டு மற்றொன்றுக்குப் போகிறவர்கள், தம் திருத்தங்கள் ஏன் காதில் விழவில்லை என்று வெகுநேரம் தேடுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

ஓட்டத்தை முதன்முதலில் தொடங்குவதற்கு, ஓர் அடியின் எண்ணைக் கொடுத்து அதை ஒரு முறை நேரடியாக அழைக்க வேண்டும். அந்த வரியைத் தவறுதலாக இரண்டு முறை அனுப்பிவிட்டால் இரண்டு ஓட்டங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக ஓடத் தொடங்கும். ஒலி தடித்துக் கேட்பதே அதற்கு அடையாளம். நிறுத்துவதற்குத் தனிக் கட்டளை தேவைப்படுவதில்லை. அதே பெயரில், எதையும் செய்யாத, தன்னை மறுபடி அழைக்கச் சொல்லாத ஒரு வெற்றுச் செயற்கூற்றை வரையறுத்தால் போதும், அடுத்த விழிப்பில் எல்லா ஓட்டங்களும் ஓய்ந்துவிடும். பிழைகளையும் இரண்டாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். அடைப்புக்குறி ஒன்று குறைந்தால் வரையறை ஏற்கப்படாது, பழையது தொடர்ந்து ஒலிக்கும், கேட்பவர்களுக்கு எதுவும் தெரியாது. வரையறை சரியாக இருந்து, ஓடும்போது பிழை வந்தால் கதை வேறு. இல்லாத இசைக்கருவியின் பெயரை எழுதிவிட்டால் செயற்கூறு பாதியில் நிற்கும், கடைசி வரியில் உள்ள மறு அழைப்பு குறிக்கப்படாமலே போகும், இசை அறுந்துவிடும். இதனால் மறு அழைப்பை முதல் வரியாகவே எழுதிவிடும் பழக்கம் நல்லது. அப்படிச் செய்தால், பிழையுள்ள அடி மட்டும் மௌனமாகும், அடுத்த அடிக்குள் திருத்திக்கொள்ள வாய்ப்பு இருக்கும்.

"பைத்தானிலும் ஒரு செயற்கூற்றை மறுபடி வரையறுக்கலாமே" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி, பைத்தானை அடிப்படையாகக் கொண்ட ஃபாக்ஸ்டாட் என்ற லைவ் கோடிங் சூழலே இருக்கிறது. ஆனாலும் லிஸ்ப்பில் ஒரு வசதி கூடுதல். எந்த வெளிப்பாடானாலும் அது எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்பதை அடைப்புக்குறியே சொல்லிவிடுகிறது. ஆகவே நிரலின் எந்த உள் அடுக்கையும், பெரியதோ சிறியதோ, தனியே வெட்டி எடுத்து அனுப்பலாம். (+ 60 7) என்ற துண்டை மட்டும் அனுப்பி 67 என்ற விடையைப் பார்க்கலாம். எடிட்டருக்கும் இது எளிது. ஈமாக்ஸில் பாரெடிட் என்ற துணை நிரலைப் போட்டுக்கொண்டால், திறந்த குறிக்கு மூடும் குறி தானாக வரும், பக்கத்தில் உள்ள வெளிப்பாட்டை ஒரே விசையில் அடைப்புக்குள் இழுக்கலாம் அல்லது வெளியே தள்ளலாம். மேடைப் பதற்றத்தில் குறிகளை எண்ணிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. அடைப்புக்குறிகளைப் பார்த்து மிரளும் எவருக்கும் நான் சொல்வது இதுதான்: அவற்றைக் கையால் தட்டச்சு செய்யாதீர்கள், எடிட்டரிடம் விட்டுவிடுங்கள்.

அடுத்தது மேக்ரோ. லிஸ்ப்பில் நிரலும் ஒரு பட்டியல்தான் என்பதால், நிரலை எழுதும் நிரலை எளிதாக எழுதலாம். சோரன்சனின் சூழல்களில் கொசைன் வளைவைத் தரும் ஒரு சிறு மேக்ரோ உண்டு. நடு மதிப்பு, வீச்சு, ஓர் அடிக்கு எத்தனை சுழற்சி என்று மூன்று எண்களைக் கொடுத்தால், அடி நகர நகர மேலும் கீழும் அசையும் ஒரு மதிப்பு கிடைக்கும். அழுத்தம் 80 என்று எழுதிய இடத்தில் அதைப் போட்டு, 80, 20, 1/16 என்று கொடுத்தால், பதினாறு அடிகளுக்கு ஒரு முறை 60-க்கும் 100-க்கும் இடையே ஒலி மெதுவாகப் பெருகிக் குறையும். இயந்திரத்தனமாகக் கேட்டது மூச்சுவிடத் தொடங்கும். இந்த மேக்ரோ, "அடி" என்ற மாறி சுற்றுப்புறத்தில் இருக்கும் என்று நம்பி அதைக் கேட்காமலே எடுத்துக்கொள்கிறது. மொழி வடிவமைப்பில் கண்டிப்பானவர்கள் இதை ஒழுங்கீனம் என்பார்கள். ஸ்கீம் உலகத்தில் இத்தகைய மேக்ரோக்களுக்கு எதிராகப் பல பக்கங்கள் எழுதப்பட்டிருக்கின்றன. ஆனால் நூறு பேர் பார்த்துக்கொண்டிருக்க, அடுத்த நான்கு அடிகளுக்குள் ஒன்றை எழுதி முடிக்க வேண்டியவருக்கு, தட்டாமல் விட்ட ஒவ்வொரு எழுத்தும் லாபம். பொதுவான மென்பொருளில் நான் ஏற்காத இந்தச் சலுகையை மேடையில் ஏற்கிறேன்.

பட்டியலுக்குள் பட்டியல் என்ற லிஸ்ப்பின் இயல்பு தாளத்தை எழுதுவதற்கும் நன்றாகப் பொருந்துகிறது. எக்ஸ்டெம்போர் என்ற சூழலில் உள்ள வடிவமைப்பு மேக்ரோ, ஒரு பட்டியலின் உறுப்புகளைக் கொடுத்த கால அளவுக்குள் சமமாகப் பகிர்கிறது. நான்கு அடிகளுக்கு (60 62 64 67) என்று கொடுத்தால் அடிக்கு ஒரு சுரம். மூன்றாவது உறுப்பை எடுத்துவிட்டு அங்கே (64 67 69) என்று ஓர் உள் பட்டியலை வைத்தால், அந்த ஓர் அடிக்குள் மூன்று சுரங்கள் சமமாக விழும். நம் வழக்கில் சொன்னால் அந்த அடி மட்டும் திஸ்ர நடைக்குப் போய்த் திரும்புகிறது. ஐந்து உறுப்புகளை வைத்தால் கண்டம். பின்னக் கணக்கு எதையும் எழுத வேண்டியதில்லை.

வரலாற்றைச் சுருக்கமாகவே சொல்கிறேன். ஜான் மெக்கார்த்தி 1958-ல் எம்ஐடியில் லிஸ்ப்பை வடிவமைக்கத் தொடங்கியபோது இசை எவர் நினைவிலும் இல்லை. பின்னாளில் ஹைன்ரிக் டாபேயின் காமன் மியூசிக், ஸ்டான்ஃபோர்டில் பில் ஷாட்ஸ்டேட் உருவாக்கிய காமன் லிஸ்ப் மியூசிக், கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் ரோஜர் டானன்பர்க்கின் நைக்விஸ்ட் என்று லிஸ்ப் அடிப்படையிலான இசை மொழிகள் வரிசையாக வந்தன. நைக்விஸ்ட் இன்றும் ஆடாசிட்டி என்ற ஒலித்திருத்த மென்பொருளுக்குள் இருக்கிறது, பலர் அறியாமலே அதைப் பயன்படுத்துகிறார்கள். ஆனால் இவற்றின் முதன்மை நோக்கம் இசையை உட்கார்ந்து இயற்றுவது. மேடையில் நிரலை மாற்றும் முயற்சிகள் 1980-களில் ஃபோர்த் மொழியில் நடந்தன. 2004 பிப்ரவரியில் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் கூடிய சிலர் டாப்லாப் என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். "உங்கள் திரைகளைக் காட்டுங்கள்" என்பது அவர்களுடைய அறிக்கையின் புகழ்பெற்ற வரி. நீங்கள் பார்த்த காணொளிகளில் நிரல் பெரிய திரையில் தெரிவதற்கு அந்த வரிதான் காரணம். மெக்சிகோ நகரத்தில் வெற்றுத் திரையில் தொடங்கி ஒன்பது நிமிடங்களுக்குள் நிகழ்த்தி முடிக்கும் வழக்கம் உருவானது. 2012-லிருந்து ஆல்கோரேவ் என்ற பெயரில், இதே முறையில் ஆட்டத்துக்கான இசையை நிகழ்த்தும் இரவுகள் நடக்கின்றன.

இம்ப்ராம்ப்டுவுக்கு ஒரு வரம்பு இருந்தது. சுரங்களை எப்போது வாசிப்பது என்று தீர்மானிக்க ஸ்கீம் இன்டர்பிரெட்டர் போதும், ஆனால் ஒலியலையையே கணக்கிட அது போதாது. விநாடிக்கு 44,100 சாம்பிள்கள் என்றால் ஒரு சாம்பிளுக்குக் கிடைக்கும் அவகாசம் ஏறக்குறைய 22.7 மைக்ரோவிநாடி. அதற்குள் கணக்கு முடியாவிட்டால் ஸ்பீக்கரில் வெடிப்பொலி கேட்கும். பயன் முடிந்த நினைவகத்தை மீட்டெடுக்க, அதாவது குப்பை சேகரிக்க, இன்டர்பிரெட்டர் இடையில் நின்றாலும் அதே கதி. சோரன்சன் அடுத்து உருவாக்கிய எக்ஸ்டெம்போர், ஸ்கீமுக்குப் பக்கத்திலேயே எக்ஸ்டிலாங் என்ற இன்னொரு மொழியைக் கொண்டுவந்தது. பார்வைக்கு அதுவும் லிஸ்ப்தான்; உள்ளே அது சி மொழியின் நெருங்கிய உறவினர். மாறிகளுக்கு வகை உண்டு, குப்பை சேகரிப்பு இல்லை, எல்எல்விஎம் கம்பைலர் வழியாக நேரே இயந்திரக் குறியீடாக மாறுகிறது. அதையும் நிகழ்ச்சியின் நடுவிலேயே மாற்றி அனுப்பலாம்; புதியது கம்பைல் ஆனதும் பழையதன் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. சோரன்சன் இதைப் பற்றி ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்தில் 2018-ல் முனைவர் பட்ட ஆய்வேடு எழுதியிருக்கிறார். 2014-ல் ஆஸ்கான் என்ற திறமூல மென்பொருள் மாநாட்டில் அவர் மேடையேறி நிகழ்த்தியதன் பதிவு இணையத்தில் கிடைக்கிறது. இந்தத் துறையில் ஒரே ஒரு காணொளியைப் பார்ப்பதென்றால் அதைப் பாருங்கள்.

ஒலியலை மட்டத்துக்கு இறங்க முடிவது நம்மவர்களுக்குக் கூடுதலாகப் பயன்படும். மேலே மோகனம் என்று நான் சொன்னது உண்மையில் மோகனத்தின் எலும்புக்கூடுதான். 64 என்ற எண் காந்தாரத்தின் இடத்தைக் குறிக்குமே தவிர, அது எப்படி அசைய வேண்டும் என்பதை மிடி (இசைக்கருவிகளும் கணினியும் பேசிக்கொள்ளும் செய்திமுறை) எண்களின் பட்டியல் சொல்லாது. எண்களை வேகமாக மாற்றி கமகத்தைப் போலியாகச் செய்யப் பார்த்தால் விளையாட்டுப் பொம்மையின் ஒலிதான் வரும். சுருதியின் அதிர்வெண்ணை சாம்பிள் வாரியாக வளைக்கும் செயற்கூற்றை நீங்களே எழுதினால்தான் அந்தத் திசையில் நகர முடியும். அது எளிய வேலை அல்ல, ஆனாலும் மொழி அதற்குத் தடையாக நிற்பதில்லை.

க்ளோஷர் பக்கத்தில் இருப்பது ஓவர்டோன் என்ற இசைச் சூழல். ரிச் ஹிக்கி 2007-ல் வெளியிட்ட க்ளோஷர், ஜாவா இயந்திரத்தின் மேல் ஓடும் லிஸ்ப். ஓவர்டோனின் முதன்மை உருவாக்குநர்களில் ஒருவரான சாம் ஆரன்தான் பிறகு கேம்பிரிட்ஜில் சோனிக் பை என்ற லைவ் கோடிங் சூழலை உருவாக்கியவர். ஓவர்டோன் ஒலியைத் தானே உண்டாக்குவதில்லை. ஜேம்ஸ் மெக்கார்ட்னி 1996-ல் வெளியிட்ட சூப்பர்கொலைடர் என்ற ஒலியாக்க மென்பொருளின் ஒலி சர்வருக்கு, "இன்ன நேரத்தில் இதை ஒலி" என்று நேரம் குறித்த செய்திகளை அனுப்புகிறது. ஜாவா இயந்திரம் இடையிடையே குப்பை சேகரிக்க நிற்பதுண்டு. ஆனால் செய்திகள் முன்கூட்டியே போய்ச் சேர்ந்துவிடுவதால் அது காதில் விழுவதில்லை. மேலே அரை அடி முன்னதாக விழித்த அதே யோசனைதான், இங்கே அவகாசம் அடிக்கணக்கில் இல்லாமல் மில்லிவிநாடிக்கணக்கில் அளக்கப்படுகிறது. மொழியின் தரத்தைப் பார்த்தால் இந்தக் குழுவில் க்ளோஷரே எனக்கு மிகவும் பிடித்தது, ஆனால் நிறுவுவதற்கு ஜாவா, சூப்பர்கொலைடர், எடிட்டர் என்று பல துண்டுகள் ஒன்றோடொன்று பேச வேண்டும். புதியவர் முதல் ஒலியைக் கேட்பதற்கு முன்பே சலித்துப்போகலாம்.

காட்சிக்கலையில் இதற்கு இணையாக டேவ் கிரிஃபித்ஸின் ஃப்ளக்ஸஸ் இருந்தது, அதுவும் ஸ்கீம். அவரே ஸ்கீம் பிரிக்ஸ் என்ற ஒன்றில் அடைப்புக்குறிகளை நீக்கிவிட்டு, ஒன்றுக்குள் ஒன்று அடங்கும் வண்ணக் கட்டங்களாக நிரலைக் காட்டினார். காமன் லிஸ்ப்காரர்களுக்கு இன்கியுடைன் என்ற இசைச் சூழல் இருக்கிறது.

இன்றைய நிலையைப் பொறுத்தவரை, லைவ் கோடிங் உலகத்தில் லிஸ்ப் பெரும்பான்மை மொழி அல்ல. ஆலெக்ஸ் மக்லீனின் டைடல்சைக்கிள்ஸ் ஹாஸ்கெல் மொழியில் அமைந்தது, அதன் உலாவி வடிவமான ஸ்ட்ரூடல் ஜாவாஸ்கிரிப்ட்டில் அமைந்தது, சோனிக் பை எழுதுவதற்கு ரூபி. ஒரு மேளத் தாளத்தை எழுதி, அதைத் திருப்பி, மடக்கி, நான்கு சுற்றுக்கு ஒரு முறை மாற்ற வேண்டுமென்றால் டைடலில் ஒரே வரி போதும். எக்ஸ்டெம்போரில் கூடுதலாக எழுத வேண்டியிருக்கும். நாளையே நண்பர்கள் முன்னால் வாசித்துக்காட்டுவது மட்டும் உங்கள் நோக்கமானால் ஸ்ட்ரூடலைத் திறந்துகொள்ளுங்கள், எதையும் நிறுவ வேண்டியதில்லை. இந்தச் சூழல்களில் தாளத்தை எழுதும் மொழி ஒன்று, ஒலியை உண்டாக்கும் இயந்திரம் இன்னொன்று. சுரத்தை எப்போது வாசிப்பது என்பதிலிருந்து அந்தச் சுரத்தின் அலை எப்படி இருக்க வேண்டும் என்பதுவரை ஒரே சூழலில், ஒரே எழுத்துமுறையில் திறந்து பார்த்து மாற்ற விரும்புகிறவருக்கு எக்ஸ்டெம்போருக்கு நிகராக நான் எதையும் பார்த்ததில்லை.

நீங்கள் பைத்தான் அறிந்தவர், கீபோர்டும் வைத்திருக்கிறீர்கள். ஆகவே என் பரிந்துரை எக்ஸ்டெம்போர். அது இலவசம், மூல நிரல் திறந்தது, லினக்ஸ், மேக், விண்டோஸ் மூன்றிலும் ஓடும். அது ஒரு சர்வராக இயங்கி, 7099 என்ற போர்ட்டில் நிரல் வரும் என்று காத்திருக்கும். விஎஸ் கோட் அல்லது ஈமாக்ஸிலிருந்து, அதற்கான நீட்டிப்பைப் போட்டுக்கொண்டு, நீங்கள் வெளிப்பாடுகளை அனுப்ப வேண்டும். அதே வலையமைப்பில் உள்ள நண்பர் தம் கணினியிலிருந்தும் அதே சர்வருக்கு அனுப்பலாம், இருவருமாக ஓர் ஓட்டத்தை மாற்றி மாற்றித் திருத்தலாம். முதலில் ஸ்கீம் பகுதியில் மட்டும் இருங்கள், எக்ஸ்டிலாங் பக்கம் போகாதீர்கள். வகைப் பிழைச் செய்திகள் தொடக்கத்திலேயே ஆளைத் துரத்திவிடும். மேலே காட்டிய நான்கு வரி ஓட்டத்தை எழுதி, ஒரே சுரத்தை ஒலிக்கவிட்டு, அது நிற்காமல் ஓடிக்கொண்டிருக்கும்போதே அழுத்தத்தை, நீளத்தை, சுரத்தை ஒவ்வொன்றாக மாற்றிப் பழகுங்கள். கை பழகியதும், வேறு பெயரில் இரண்டாவது ஓட்டம் ஒன்றைத் தொடங்கி, அதன் மறு அழைப்பை முக்கால் அடிக்கு ஒரு முறை வரும்படி வையுங்கள். மூன்று அடிகளுக்கு ஒரு முறை இரண்டும் சந்திக்கும். அந்தச் சந்திப்பைக் காதால் பிடிக்க முடிந்தால் அடிப்படை வந்துவிட்டது.

கணினியின் உள் ஒலிகளைத் தேடி அலையவும் வேண்டாம். உங்கள் கீபோர்டில் யூஎஸ்பி மிடி இருந்தால், எக்ஸ்டெம்போரின் மிடி நூலகத்தை ஏற்றிக்கொண்டு, சுரங்களை நேரே கீபோர்டுக்கே அனுப்பி அதன் பியானோவை ஒலிக்க வைக்கலாம். கீபோர்டின் திரை சேனல்களை 1 முதல் 16 வரை எண்ணும், நிரலில் அவை 0 முதல் 15 வரை என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். எல்லாம் சரியாக இருந்தும் ஒலி வரவில்லை என்றால் முதலில் பார்க்க வேண்டிய இடம் அதுதான்.